காலியா விட்டா வர்ற பேரு

ஸ்பீக்கர்ல போடாதீங்கண்ணான்னு சொல்லியிருக்கணும், சொல்றதுக்குள்ள போட்டுட்டாரு. எந்தக் கஸ்டமர் கூப்பிட்டாலும் ஜெரால்டு அண்ணாவுக்கு ஸ்பீக்கர்லதான் பேசணும். ஆபீஸ்ல இருக்கறதே மூணு பேரு, ஓனர் அவரு, டிசைன் பண்ற ஹசீனா, கோடிங் எழுதற நானு, நமக்குள்ள என்ன ஒளிவு மறைவும்பாரு. நல்ல கொள்கைதான், நல்லா இருக்கற வரைக்கும். நான் இன்னும் டிபன் பாக்ஸைக்கூடக் கழுவல, விரல்ல தயிர்ச்சோத்து வாசம், அதுக்குள்ள கரூர்லருந்து துரைராஜ் ஐயா குரல் ரூம் முழுக்க. "தம்பி, என்ன தம்பி பண்ணி வெச்சிருக்கீங்க! எம்பொண்ணு கல்யாணப் பத்திரிகையில எவன் பேரு தம்பி இது?" கல்யாணப் பத்திரிகையை வெப்சைட்டா பண்ணிக் குடுக்கறதுதான் எங்க தொழில். லிங்க்கை அனுப்புனாப் போதும், போன்ல பத்திரிகை விரியும், மேளம் வாசிக்கும், மண்டபத்துக்கு வழி காட்டும். "எவன் பேருங்கய்யா?" ஜெரால்டு அண்ணா சிரிச்ச மொகமாத்தான் கேட்டாரு. "கௌரிசங்கராம். காங்கேயமாம்." இன்னொரு படி இருக்குதுன்னு நெனச்சுக் காலை வெக்கறப்ப தரை வந்து இடிக்குமே, அப்படி இருந்துச்சு எனக்கு. அந்தப் பேரை இன்னொருத்தர் வாயிலருந்து கேட்டு எவ்வளவோ காலமாச்சு. வீட்ல அதைச் சொல்றதில்ல. அம்மா 'அந்தப் பையன்'ம்பாங்க, அப்பா அதுகூடச் சொல்றதில்ல. துரைராஜ் ஐயா வாயிலருந்து அது துப்புன மாதிரி வந்து விழுந்துச்சு. எனக்குக் கோவம் வந்துச்சு பாருங்க, அதுதான் அசிங்கம். அவரு பேரை இப்படியா சொல்றதுன்னு ஒரு நிமிசம் கோவம் வந்துச்சு. த்தூ, வசுமதி, உனக்கெல்லாம் சூடு சொரணை இருக்குதா.

சொவத்துல இருக்கற பெரிய டிவியில ஜெரால்டு அண்ணா அந்தப் பக்கத்தைத் தொறந்தாரு. கஸ்டமர் வந்தா டிசைன் காட்டறதுக்குன்னு வாங்குன டிவி. மயில்பச்சை பார்டர், அபிநயா கேட்ட அதே பச்சை, "கிளிப்பச்சை இல்லக்கா, மயில்பச்சை"ன்னு அந்தப் பொண்ணு எனக்கு அனுப்பாத போட்டோ இல்ல. மேல மணமகள், கரூர் கொசுவலைக் கம்பெனி துரைராஜ் மகள் அபிநயா, எல்லாம் சரி. கீழ மணமகன். காங்கேயம் கரட்டுத்தோட்டம் பொன்னுச்சாமி தெய்வாத்தாள் தம்பதியரின் புதல்வன் திருநிறைச்செல்வன் கௌரிசங்கர். அந்த எழுத்துல, அந்தத் தங்கக் கலர்ல. எவ்வளவு அழகா உக்காந்திருக்குதுன்னு தோணுச்சு, தோணுன வேகத்துல காது மடல் எரிஞ்சுது. "தாராபுரம் நவநீதகிருஷ்ணன்தானுங்களே மாப்பிள்ளை?"ன்னு ஜெரால்டு அண்ணா கேக்கறாரு. "பின்ன! சம்பந்தி வீட்ல பெரியப்பா பேரு முதல்ல வரணுமா, அப்பா பேரு முதல்ல வரணுமான்னு ஒரே பஞ்சாயத்து. அவங்க பேசி முடிச்சுச் சொல்லட்டும்னு மாப்பிள்ளை வீட்டுப் பேரெல்லாம் எடுத்துட்டு சேவ் பண்ணுனேன். லிங்க் அவங்க சொந்தக்காரங்க குரூப்லயே கெடக்குது தம்பி, ஊரே பாத்துருச்சு!" அவ்வளவுதான், எனக்கு எல்லாமே புரிஞ்சுபோச்சு. பேனல்னு ஒண்ணு குடுப்போம், அதுல கஸ்டமரே பேரு, ஊரு, மண்டபம்னு கட்டம் கட்டமா நிரப்பிக்கலாம். நிரப்புனதை எடுத்துப் பத்திரிகையில காட்டறது என்னோட கோடிங். கட்டம் காலியா இருந்தா பக்கம் மூளியாத் தெரியக் கூடாதுன்னு ஒரு மாதிரிப் பேரைக் காட்டும். அந்த வரியை எழுதுனதும் நான்தான். மாதிரின்னா சும்மா 'மணமகன் பெயர்'னு எழுதோணும். எழுதல. பேரு இல்லாம சேவ் ஆகாதபடிக்கு ஒரு செவப்பு நட்சத்திரம் வெச்சிருந்தேன், பாதி நிரப்பி வெக்க முடியலன்னு கஸ்டமருங்க கத்துனாங்கன்னு போன மாசம் அதையும் எடுத்தேன். பூட்டைக் கழட்டுனவளுக்கு உள்ள என்ன கெடக்குதுன்னு தெரியாதா? தெரியும். நல்லாத் தெரியும்.

"ஹசீனா, மொதல்ல பக்கத்தை இறக்கு. வசு, எங்கருந்து வருதுன்னு பாரு." இறக்கிட்டா. இனி வெளிய யாருக்கும் தெரியாது, எங்களுக்கு மட்டும் ப்ரிவியூவுல தெரியும். ஆனா போட்டோ புடிச்சு வெச்சிருப்பாங்களே, அதை எங்க இறக்கறது. நான் கீபோர்டுல கையை வெச்சுட்டு எங்கன்னே தெரியாதவ மாதிரி மூஞ்சியை வெச்சுக்கறேன். அந்த மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கே தெரியல, புருவத்தைச் சுருக்கறேன், உதட்டைக் கடிக்கறேன், போதுமா. இது என் கல்யாணத்துக்குன்னு பண்ணுன பத்திரிகை. ஆபீஸ்ல யாருக்கும் சொல்லல, முடிச்சுட்டு ஒரே அடியாக் காட்டோணும்னு ராவுல பகல்ல நேரம் கெடைக்கறப்பெல்லாம் வீட்ல உக்காந்து பண்ணுனது. திருவளர்ச்செல்வனா திருநிறைச்செல்வனான்னு எனக்கே சந்தேகம், அவருக்கே போன் போட்டுக் கேட்டேன். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"னாரு. வீட்ல இன்னும் கல்யாணத்துக்கு ஆள் இருந்தா வளரு, கடைசின்னா நிறைன்னு சொன்னேன். "அப்ப நான் நிறை. எங்கம்மாவுக்கு நான்தான் கடைசி"ன்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு. இப்ப எதுக்கு அந்தச் சிரிப்பு? ஒரு பொண்ணோட கல்யாணம் அந்தரத்துல நிக்குது, உனக்குச் சிரிப்பு ஞாபகம் வருதா? நிறைன்னு அடிச்சேன். அடிச்சுட்டுப் பக்கத்துலயே என் பேரையும் அடிச்சேன். அப்பறம் ஒரு நாள், 'அப்பா வேண்டாம்ங்கறாரு வசு, மன்னிச்சுக்கோ'ன்னு ஒரு மெசேஜ். உப்பு சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணி, சொந்தபந்தம் உக்காந்து சாப்பிட்ட கல்யாணம் ஒரு வரியில முடிஞ்சுது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கல. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அதை நெனச்சா இன்னிக்கும் தலையைக் கொண்டுபோய் எங்கயாச்சும் முட்டிக்கலாம்போல இருக்குது.

"கேஷா இருக்கும்ணா"ங்கறேன். என் குரல்தான், எவ்வளவு இயல்பா வருது பாருங்க. "பழைய பக்கம் எதாச்சும் சர்வர்ல தங்கியிருக்கும், அதைத் துடைச்சா சரியாயிரும்." பழைய பக்கத்தை ஞாபகம் வெச்சுக்கிட்டு அதையே திரும்பக் காட்டற பழக்கம் சைட்டுகளுக்கு உண்டு, அதைத்தான் கேஷும்போம், எங்க தொழில்ல எதுக்கும் முதல்ல அதுமேல பழியைப் போடறது வழக்கம். ஜெரால்டு அண்ணா நம்புனாரு. என்னை நம்பாம வேற யாரை நம்புவாரு, ஆரம்பத்துலருந்து கூட இருக்கறவ. துடைச்சாரு. ரெஃப்ரெஷ் அடிச்சாரு. கௌரிசங்கர். இன்னொரு தடவை. கௌரிசங்கர். வேற பிரவுசர்ல, ஹசீனா போன்ல, ஜெரால்டு அண்ணா போன்ல. மூணு பக்கமும் அதே தங்கக் கலர். நான் தண்ணி பாட்டிலைத் தொறக்கறேன், மூடறேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதும்பாங்க, நான் டிவியில மறைக்கப் பாக்கறேன். அந்த ப்ரிவியூ எனக்குப் புதுசா? வேலை இல்லாத மத்தியானத்துல, ஜெரால்டு அண்ணா வெளிய போயி, ஹசீனா தொழுகைக்குப் போயிருக்கறப்ப, ஒரு காலிப் பத்திரிகையைத் தொறப்பேன். எதையும் நிரப்ப மாட்டேன். மேல 'மணமகள் பெயர்'னு வரும், கீழ அவரு. கொஞ்ச நேரம் பாப்பேன். மூடிருவேன். தினமும் இல்ல. ஆனா அவருக்குத் திருப்பூர்ல கல்யாணம் ஆச்சுன்னு தெரிஞ்சதுக்கு அப்பறமும் பாத்தேன், அதுக்கு என்ன பேரு? கல்யாணம் ஆனவனோட பேரை உக்காந்து பாக்கறவளுக்கு என்ன பேரு? எங்க கல்யாணம் நின்னுபோன வாரமே என் பேரை அந்தக் கோடிங்லருந்து எடுத்துட்டேன். அவரு பேர்கிட்ட வந்ததும், அப்பறம் எடுத்துக்கலாம்னு வெச்சேன். டெம்ப்ளேட் ஒண்ணு பண்ணிருக்கேண்ணான்னு ஜெரால்டு அண்ணாகிட்டக் காட்டுனேன், அருமையா இருக்குது வசு, இதையே எல்லாருக்கும் விக்கலாம்னாரு. மறந்துட்டேன்னு என்கிட்டயே சொல்லிக்கிட்டேன். மறக்கல.

போன் அதிருது. அபிநயா. மெசேஜ். 'அக்கா நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. எனக்கு அவன் யாருன்னே தெரியாது. அத்தை வீட்ல யாரும் என் போனை எடுக்க மாட்டேங்கறாங்க. அவரும் எடுக்கல.' படிச்சுட்டேன், படிச்சுட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், ரெண்டு நீலக் கோடு போயிருக்கும். எடுக்காத போனை வெச்சுக்கிட்டுத் திரும்பத் திரும்பக் கூப்பிடறது எப்படி இருக்கும்னு இவளுக்கு நான் சொல்லோணுமா? பதிலு அடிக்கறேன், 'கவலைப்படாத', அழிக்கறேன். 'சின்ன டெக்னிக்கல்', அழிக்கறேன். கவுத்து வெச்சுட்டேன் போனை. இவளுக்கு நான் பண்ணுனது அவரு எனக்குப் பண்ணுனதைவிட மோசம், அவரு ஒரு வரியாச்சும் அனுப்புனாரு. அதுக்குள்ள மறுபடி ஸ்பீக்கர், மறுபடி துரைராஜ் ஐயா, ஆனா இந்தத் தடவை கத்தல, அதுதான் பயமா இருக்குது. "தம்பி. சம்பந்தி வீட்ல காங்கேயத்துக்கே ஆள் விட்டுக் கேட்டுட்டாங்க. அப்படி ஒரு குடும்பம் நெசமாவே இருக்குதாம். கரட்டுத்தோட்டம், பொன்னுச்சாமி, எல்லாம் இருக்குதாம். அந்தப் பையனுக்கு முன்னாடி ஒரு பொண்ணைப் பேசி, உப்பு சக்கரை மாத்தி, அப்பறம் நிறுத்திட்டாங்களாமா." பின்னாடி யாரோ அழுவறாங்க, அபிநயாதான், மூக்கை உறிஞ்சறது கேக்குது. "அந்தப் பொண்ணு எம்பொண்ணான்னு கேக்கறாங்க தம்பி."

ஜெரால்டு அண்ணா ரெண்டு கையாலயும் தலையைப் புடிச்சுக்கிட்டாரு. "ஐயா, இருங்க, கண்டுபுடிச்சுச் சொல்றேன்"னு வெச்சுட்டு, "பேனல்ல இல்ல, டேட்டாபேஸ்ல இல்ல, அப்ப கோடிங்லதான் இருக்கோணும். தேடறேன்"னு அவரே உக்காந்துட்டாரு. கம்ப்யூட்டர்ல தேடறதுக்கு என்ன, பேரை அடிச்சாப் போதும். அவரு ஒத்தை விரல்ல அடிக்கறவரு. கௌ. தேடிக் கண்டுபுடிச்சு. ரி. தமிழ்ல அடிக்க இன்னும் நேரமாகும். இப்பச் சொல்லு. இப்பவே சொல்லிரு, அவரு கண்டுபுடிக்கறதுக்கு முன்னாடி சொன்னா அது வேற, கண்டுபுடிச்சதுக்கு அப்பறம் சொன்னா அது வேற. எப்படிச் சொல்றது? நாங்கதான் வேண்டாம்னுட்டோம்னு சொல்லி வெச்சிருக்கேனே இவங்ககிட்ட. ஜாதகத்துல ஏதோ தோஷம், அப்பாவுக்குப் புடிக்கல, நாங்களே நிறுத்திட்டோம்னு. சொல்றப்ப எவ்வளவு கெத்தா சொன்னேன், ஒரு லட்டுகூட சாப்பிட்டுக்கிட்டே சொன்ன ஞாபகம். "நல்லதாப் போச்சு விடு"ன்னாரு ஜெரால்டு அண்ணா. ஹசீனா மட்டும் ஒண்ணும் சொல்லல அன்னிக்கு. நிமிந்து பாக்கறேன், அவ டிவியைப் பாக்கல, என்னைப் பாக்கறா. காங்கேயம். மாப்பிள்ளை பேரு நான் சொன்னதே இல்ல, எங்க பக்கம் பொண்ணுங்க சொல்றதில்லன்னு வெக்கப்பட்டுக்கிட்டே ஒரு தடவை சொல்லியிருக்கேன், ஆனா ஊரு காங்கேயம்னு சொல்லியிருக்கேன். அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. "அக்கா"ன்னா, ரொம்ப மெதுவா, அவ்வளவுதான். கண்ணை டிவி பக்கம் திருப்பிக்கிட்டா. அவ பாக்காம இருக்கறது பாத்ததைவிடக் கூசுது.

"இந்தா இருக்குது"ன்னாரு ஜெரால்டு அண்ணா. டிவியில என் கோடிங், கறுப்புப் பின்னணியில வெள்ளை எழுத்து, நடுவுல மஞ்சளாத் தேடுன பேரு. காலியா இருந்தா இதைக் காட்டுன்னு சொல்ற வரி. பக்கத்துலயே அந்த வரியை யாரு எழுதுனாங்கன்னு சின்ன எழுத்துல காட்டும், வசுமதின்னு காட்டுது. மாத்துனதும் வசுமதிதான்னு காட்டுது, ஏன்னா மேல மணமகள் வரியில என் பேரை எடுத்து 'மணமகள் பெயர்'னு போட்டதும் அதுலயே இருக்குது. அழிச்ச பேரு செவப்புல, போட்ட பேரு பச்சையில. ஜெரால்டு அண்ணா செவப்பைப் படிச்சாரு. உதடு அசையறது தெரிஞ்சுது, என் அப்பா பேரு, என் அம்மா பேரு, என் பேரு. படிச்சு முடிச்சுட்டும் திரும்பல. மௌஸ்மேல கை அப்படியே இருக்குது. நல்ல மனுசன். "சாம்பிள் டேட்டா"ங்கறாரு டிவியைப் பாத்துக்கிட்டே, தொண்டையைச் செருமிக்கிட்டு. "டெஸ்டிங்குக்குப் போட்டது. நான் ஐயாகிட்டச் சொல்லிக்கறேன், சாம்பிள்னு. நீ போயி டீ கீ சாப்பிட்டுட்டு வா வசு." வழி விடறாரு பாத்தீங்களா. கதவு தொறந்துதான் இருக்குது, கீழ பேக்கரியில டீ இருக்குது, தேங்கா பன் இருக்குது, எறங்கிப் போயிட்டு வந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். எந்திரிச்சேன். நெசமாவே எந்திரிச்சேன், செருப்பைக்கூட மாட்டிட்டேன். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க, எனக்குக் குறுகுறுக்கறதோட நிக்கல, கால் தானா வாசலுக்குப் போகுது.

அதுக்குள்ள ஜெரால்டு அண்ணா போன் போட, துரைராஜ் ஐயா இன்னொரு லைனையும் சேத்துட்டாரு. "சம்பந்தியம்மா இருக்காங்க தம்பி. நீங்களே அவங்ககிட்டச் சொல்லுங்க. ஹேக் பண்ணிட்டாங்கன்னு சொல்லுங்க, எதையாச்சும் சொல்லுங்க." கடைசி வார்த்தை அந்தம்மாவுக்கும் கேட்டிருக்கும். "அது வந்துங்கம்மா, சாம்பிளுக்காகப் போட்ட பேரு"ன்னு ஜெரால்டு அண்ணா ஆரம்பிச்சாரு. "சாம்பிளா?" தாராபுரத்து அம்மா குரல்ல அவசரமே இல்ல. "ஏனுங் தம்பி, மாதிரிக்கு எழுதறவன் ராமசாமி குப்புசாமின்னு எழுதுவான். தோட்டத்துப் பேரோட, பெத்தவ பேரோட எவன் எழுதுவான்? அந்த ஊட்ல ஒரு பொண்ணு நிச்சயமாகி நின்னுது நெசம். இந்தப் பத்திரிகையில அந்தப் பேரு வந்தது நெசம். எங்களை என்ன கேனைங்கன்னு நெனச்சீங்களா? துரைராஜண்ணா, இருந்தா இருந்ததுன்னு சொல்லிப்போடுங்க. மறைச்சுக் கட்டிக் குடுக்கறதுதான் எங்களுக்கு ஆகாது." அந்தக் கொசுவலைக் கம்பெனிக்காரரு, தம்பி தம்பின்னு ஊரையே அதட்டறவரு, வாயடைச்சு நிக்கறாரு. பின்னாடி அழுகைகூட நின்னுபோச்சு. அவ காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறா, நான் அன்னிக்கு நின்ன மாதிரி, அப்பா போன்ல பேசறதைக் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்ட மாதிரி. எனக்கு யாரு வந்து சொன்னா? எனக்காக யாரும் ஒரு வார்த்தை சொல்லல. செருப்போடயே திரும்பி வந்தேன். "அந்தப் பொண்ணு நானுங்க"ன்னேன்.

"நீ யாரம்மிணி?" "பத்திரிகைக்குக் கோடிங் எழுதறவங்க. வசுமதி. அது என் கல்யாணத்துக்குன்னு நானே பண்ணுன பத்திரிகைங்க. அதைத்தான் இப்ப எல்லாருக்கும் டிசைனாக் குடுக்கறோம். கட்டம் காலியா இருந்தா பழைய பேரு வந்துரும். அபிநயாவுக்கு அவரை யாருன்னே தெரியாதுங்க." "அது சரி. நின்னுபோனதும் பேரை எடுக்க வேண்டியதுதான?" இதைத்தான் கேப்பாங்கன்னு தெரியும். ஜெரால்டு அண்ணா மேசையைப் பாக்கறாரு. ஹசீனா கையில பேனா, எழுதாத பேனா. மறந்துட்டேனுங்கன்னு சொல்லலாம், ரெண்டு வருசமா என்கிட்டயே சொன்னதுதான், பழகுன பொய். ஆனா அந்தம்மா நம்ப மாட்டாங்க, மறந்தவ தோட்டத்துப் பேரோடயா மறப்பா. "எடுக்க மனசு வரலீங்க." சொல்லிட்டேன். ஸ்பீக்கர்ல சொல்லிட்டேன். "எதுக்கு நின்னுச்சு?" நாங்கதான்னு வாய் தானாப் போச்சு, நாங்கதான் வேண்டாம்னு, பாதியில நிறுத்துனேன். "அவங்க வேண்டாம்னுட்டாங்க. ஏன்னு சொல்லல." "உங்கப்பன் பேரு என்ன? சொல்லு, காங்கேயத்துல கேட்டுக்கறோம்." ஐயோ, அப்பா. லேத்துப் பட்டறையில கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு நின்னுட்டிருப்பாரு, அந்தப் பேரை வாயாலயே எடுக்காதவரு, அவரு பேரை நான் இப்ப அந்த ஊருக்கே அனுப்பப் போறேன். சின்னராசு மக இன்னும் அந்தப் பேரை வெச்சுக்கிட்டிருக்கறாளாமான்னு பேசுவாங்க. அந்தப் பேருக்கு உரியவரு காதுக்குப் போகும். அவரு பொண்டாட்டி காதுக்குப் போகும். சிரிப்பாங்களோ, பாவம்பாங்களோ, சிரிச்சாக்கூடப் பரவால்ல. "கோயமுத்தூரு கணபதி, லேத்துப் பட்டறை சின்னராசுங்க." யாருகிட்டயோ அந்தம்மா என்னமோ சொன்னாங்க, போனைக் கையில பொத்துன மாதிரி சத்தம் மந்தமா வந்துச்சு, இன்னொரு போன்ல காங்கேயத்தைக் கேக்கறாங்க போல. நாங்க மூணு பேரும் ஸ்பீக்கரைப் பாத்துக்கிட்டே நின்னோம். ரொம்ப நேரம். கீழ பேக்கரிக்காரரு டீ ஆத்தற சத்தம்கூடக் கேட்டுச்சு. அப்பறம் கை எடுத்துட்டாங்க. "ஆமாங்கறாங்க. கணபதிதானாமா. சின்னராசு மகதானாமா." துரைராஜ் ஐயா விட்ட மூச்சு கேட்டுச்சு. "ஏம்மிணி, உன்ற எழவை எம்பையன் பத்திரிகையிலயா வெச்சே?"ன்னாங்க. "தப்புதானுங்க." "தப்புத்தான். கண்ணாலம் ஆச்சா உனக்கு?" "இல்லீங்க." "அந்தப் பையனுக்கு?" "ஆச்சுங்க." ம்ம்ன்னாங்க, அந்த ம்ம்ல எல்லாம் இருந்துச்சு, நான் நிமிரவே இல்ல. அப்பறம் குரலை மாத்திக்கிட்டாங்க. "துரைராஜண்ணா, புள்ளையை அழுவ வேண்டாம்னு சொல்லுங்க. பையன்கிட்ட நான் பேசிக்கறேன். அம்மிணி, நீ எழுதிக்க. இன்னொருக்கா எவனும் காலியா விட வேண்டாம், நானே சொல்றேன்."

உக்காந்தேன். கட்டம் கட்டமா அவங்க சொல்லச் சொல்ல அடிச்சேன். "பெரியப்பா ராக்கியண்ணன் பேரு முதல்ல. எம்பட ஊட்டுக்காரரு கத்துவாரு, கத்தட்டும். அடுத்து சுப்பராயன். எம்பேரு சரஸ்வதி." ஒரு எழுத்துகூடத் தப்பு வரல. மாப்பிள்ளைக்குப் பின்னால ஒரு தம்பி இருக்கறான்னு அவங்களா சொன்னாங்க, அப்ப வளருங்களான்னேன், ஆமாம்மிணி, வளருதான்னாங்க. திருவளர்ச்செல்வன் நவநீதகிருஷ்ணன். "திருப்பிப் படி." படிச்சேன், சத்தமா, ரூம்ல எல்லாருக்கும் கேக்கற மாதிரி. சேவ் அடிச்சேன், டிவியில அந்தத் தங்கக் கலர்ல வந்து உக்காந்துச்சு. ஹசீனா பக்கத்தைத் திரும்ப ஏத்துனா. போன் வெச்சாச்சு. அபிநயா அனுப்புனா, வெறும் 'அக்கா', அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு அவளுக்கும் தெரியல போல. "அந்த வரியை எடுத்துறலாமா வசு? நான் வேணா..."ன்னு ஜெரால்டு அண்ணா இழுத்தாரு. "நானே எடுக்கறேண்ணா." எடுக்கோணும்னா என் கம்ப்யூட்டர்ல எடுத்திருக்கலாம், ஆனா டிவியில ஓடறது அவரு கம்ப்யூட்டரு, அவரு எந்திரிச்சு இடம் விட்டுட்டாரு, போயி உக்காந்துட்டேன். காங்கேயம் கரட்டுத்தோட்டத்துல ஆரம்பிச்சு மௌஸை இழுத்தேன். எழுத்து ஒவ்வொண்ணா நீலமாச்சு, பொன்னுச்சாமி, தெய்வாத்தாள், திருநிறைச்செல்வன். வேகமா இழுத்திருக்கலாம். கௌரிசங்கர்கிட்ட வந்ததும் கை நின்னுது. எவ்வளவு நேரம் நின்னுதுன்னு எனக்குத் தெரியாது, பின்னால நின்ன ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அழிச்சேன்.